அமெரிக்காவில் நீதிபதி நியமனச் சண்டையை ஆரம்பித்தது ஜனநாயகக் கட்சிதான் என்று வலதுசாரிகள் சொல்வது உண்மையா?

பாதி உண்மை. ஆனால் பலமான பாதி. நானும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தவன், அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒஹையோவில் வேலை பார்த்த நாட்களில் ஒரு மூத்த சக ஊழியரோடு மதியம் சாப்பிடப் போவேன். மனிதர் கடைக்குள் உட்கார மாட்டார். சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்து காரில்தான் சாப்பிடுவார். பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா வந்துவிடுவார், அதுதான் காரணம். மடியில் காகிதத்தை விரித்து, மயோனிஸ் சிந்தாமல் மென்றுகொண்டே "கேள், கேள்" என்று சத்தத்தைக் கூட்டுவார். நீதிபதி நியமனம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நேராக 1987-க்குப் போய்விடுவார்.

அந்த வருடம் ஜூலை 1 அன்று ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகன். ஜனாதிபதி நியமித்தால் போதாது, மேல்சபையான செனட் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். யேல் பேராசிரியராக இருந்தவர், சட்டம் தெரியாதவர் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது. அறிவிப்பு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, செனட்டில் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி எழுந்தார். போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் கள்ளத்தனமான கருக்கலைப்புக்குத் தள்ளப்படுவார்கள், கறுப்பின மக்கள் தனி மேசையில் உட்கார வேண்டியிருக்கும் என்று அடுக்கினார். அதற்கு முந்தைய வருடம்தான் ரீகன் நியமித்த இன்னொரு வலதுசாரியான ஸ்காலியாவை 98-0 என்று அதே செனட் ஏற்றிருந்தது. போர்க் 42-58 என்று தோற்றார். அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. ஒருவரை 'போர்க்' செய்வது என்றால், பெயரைக் கெடுத்துப் பதவிக்கு வரவிடாமல் அடிப்பது. வலதுசாரி எழுத்தில் இன்றும் இந்தச் சொல் புழங்குகிறது.

சரி, மறுபக்கம். போர்க்குக்கு செனட் கமிட்டியில் விசாரணை நடந்தது, ஓட்டெடுப்பும் நடந்தது. குடியரசுக் கட்சியிலேயே ஆறு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். வாட்டர்கேட் ஊழலில் ஜனாதிபதி நிக்சனை விசாரித்த வழக்கறிஞர் காக்ஸை, அந்த நிக்சன் உத்தரவின்படியே பதவிநீக்கம் செய்தவர் இதே போர்க். அதுவும் அவருக்கு எதிராக நின்றது. ஜனநாயகக் கட்சிக்காரர்களைக் கேட்டால் கணக்கை இன்னும் பின்னால் கொண்டுபோவார்கள். 1968-ல் எங்கள் ஜனாதிபதி ஜான்சன் தலைமை நீதிபதியாக்க நினைத்த ஏப் ஃபோர்டஸை, ஓட்டெடுப்புக்கு விடாமல் விவாதத்தை இழுத்தடிக்கும் ஃபிலிபஸ்டரில் முடக்கினீர்களே என்பார்கள். (முடக்கியவர்களில் தென் மாநில ஜனநாயகக் கட்சியினரும் இருந்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.)

ஆனால் என்னைக் கேட்டால், வலதுசாரிகளின் வலுவான வாதம் போர்க் அல்ல, மிகேல் எஸ்ட்ராடா. ஹோண்டுராஸில் பிறந்து, பதினேழு வயதில் அமெரிக்கா வந்து, ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 2001-ல் வாஷிங்டன் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவரை நியமித்தார் குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ். உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்தபடி செல்வாக்குள்ள கோர்ட் இது. நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு ஜனநாயகக் கட்சி ஓட்டெடுப்பே நடக்கவிடவில்லை. அவர் லத்தீன் இனத்தவர் என்பதால் குறிப்பாக ஆபத்தானவர் என்று அந்தக் கட்சியின் உள்குறிப்பு ஒன்றே சொன்னது. அந்தக் குறிப்பு வெளியே வந்த கதையும் யோக்கியமானதல்ல, குடியரசுக் கட்சி ஊழியர்கள் அனுமதியில்லாமல் எடுத்த கம்ப்யூட்டர் கோப்பு அது. எப்படியோ, இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு 2003 செப்டம்பரில் எஸ்ட்ராடா விலகிக்கொண்டார்.

பத்து வருடம் கழித்து அதே கோர்ட்டில் மூன்று காலியிடம். ஒபாமா மூன்று பேரை நியமித்தார், இந்த முறை ஃபிலிபஸ்டர் செய்தது குடியரசுக் கட்சி. 2013 நவம்பர் 21 அன்று செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவரான ஹாரி ரீட் 52-48 ஓட்டில் அந்த வழக்கத்தையே உடைத்தார். உச்ச நீதிமன்றம் தவிர மற்ற எல்லா நியமனத்துக்கும் இனி சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாகிவிட்டது. இதற்கு வருந்துவீர்கள், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே வருந்துவீர்கள் என்று அன்றே எச்சரித்தார் அங்கே குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மெக்கானல். 2017 ஏப்ரலில் டிரம்ப் நியமித்த கோர்சச்சுக்காக உச்ச நீதிமன்றத்துக்கும் அதே சாவியைப் போட்டுத் திறந்தவர் அவரே.

இதுவரை எங்கள் பக்கம் தலைநிமிர்ந்து பேசலாம். 2016-க்கு வந்தால்தான் தொண்டை அடைக்கிறது. பிப்ரவரியில் ஸ்காலியா இறந்த அன்றே, தேர்தல் வருடம், மக்கள் முடிவு செய்யட்டும் என்றார் மெக்கானல். ஒபாமா நியமித்த மெரிக் கார்லண்ட் (அவரும் அதே டிசி கோர்ட்டின் தலைமை நீதிபதிதான்) 293 நாள் காத்திருந்தார், ஒரு விசாரணைகூட இல்லை. 2020 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, டிரம்ப் நியமித்த ஏமி பாரட் 52-48 என்று பதவிக்கு வந்துவிட்டார். செனட்டும் வெள்ளை மாளிகையும் வேறு வேறு கட்சியிடம் இருந்தால்தான் அந்த விதி பொருந்தும் என்று வலதுசாரி விமர்சகர்கள் விளக்கினார்கள். வாதம் தப்பில்லை. ஆனால் 2016-ல் காதில் விழுந்தது 'மக்கள் முடிவு செய்யட்டும்' என்பது மட்டும்தானே?

குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாமைப் பாருங்கள். ஒபாமா நியமித்த சோட்டோமயோர், கேகன் இருவருக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டவர். 2016-ல், நாளை எங்கள் ஜனாதிபதிக்கு இதே நிலை வந்தால் என் வார்த்தையையே எனக்கு எதிராக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 2018-ல் டிரம்ப் நியமித்த கவனாவின் விசாரணையில் கொதித்தெழுந்தார், நான் உங்கள் ஆட்களுக்கு ஓட்டுப் போட்டேனே என்று. 2020-ல் பாரட் விசாரணைக்குத் தலைமை வகித்தவர் அவரேதான்.

கின்ஸ்பர்க் இறந்த அடுத்த வாரம் அந்த ஒஹையோ நண்பருக்குப் போன் செய்தேன். கொரோனா காலம், பார்க்கிங் சாப்பாடெல்லாம் நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. "நாலு வருடத்துக்கு முன்னால், மக்கள் முடிவு செய்யட்டும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"போர்க்குக்கு எத்தனை ஓட்டு விழுந்தது, சொல்."

"நாற்பத்திரண்டு."

"அப்புறம் என்ன?" என்றார்.