பிடித்ததைக்கூட மறுக்கும் குழந்தை: மருத்துவரிடமும் பள்ளியிலும் என்ன கேட்பது?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஆட்டிசம் உறுதியாகிவிட்டது. பல் தேய்ப்பதிலிருந்து அவனுக்குப் பிடித்த நீச்சல்வரை, "வா" என்று சொன்னாலே மறுக்கிறான். வற்புறுத்தினால் அலறல், அடி. பள்ளியிலோ "இங்கே சமர்த்தாக இருக்கிறான்" என்கிறார்கள். இதற்குத் தனி மதிப்பீடு உண்டா? பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

பதில்: நீச்சலையும் மறுக்கிறான் என்பதுதான் இதில் முக்கியமான தடயம். வெறும் அடம் என்றால் பிடிக்காததை மட்டும் தவிர்ப்பான். இவனுக்கு, யாரோ தன்னிடம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள் என்பதே பதற்றத்தை ஏற்றிவிடுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் எலிசபெத் நியூசன் 1980களில் இதற்கு 'பேத்தாலஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' (கோரிக்கைகளை அளவுக்கு மீறித் தவிர்ப்பது) என்று பெயரிட்டார். ஆனால் மருத்துவர்கள் நோயறிதலுக்குப் பின்பற்றும் டிஎஸ்எம்-5, ஐசிடி-11 என்ற கையேடுகள் இரண்டிலும் இது தனி நோயறிதலாக இல்லை. மருத்துவரிடம் அந்தப் பெயரை மட்டும் கேட்டுப் போனால் "அப்படி ஒன்று கிடையாது" என்று பேச்சு முடிந்துவிடலாம். 'ஆட்டிசத்துடன் தீவிரக் கோரிக்கைத் தவிர்ப்பு' என்று அறிக்கையில் விவரித்து, எந்த அணுகுமுறை உதவும் என்றும் எழுதித் தரக் கேளுங்கள். பள்ளியை அசைப்பது அந்தப் பத்திதான். பெற்றோர் நிரப்பும் 26 கேள்விப் படிவம் ஒன்று, இடிஏ-க்யூ, இருக்கிறது; அதன் மதிப்பெண் துணைச் சான்று மட்டுமே.

போகுமுன் இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்: என்ன சொன்னீர்கள், எந்த வார்த்தையில், அதற்குமுன் அவன் எப்படி இருந்தான், எப்படித் தவிர்த்தான், அடங்க எவ்வளவு நேரம் ஆனது. பசி, சிறுநீர் போன்ற உடலின் கட்டளைகளையும் தள்ளிப்போடுகிறானா என்று பாருங்கள். எழுதும்போது மட்டும் மறுத்தால் கதை வேறு. கையெழுத்துச் சிரமமாக இருக்கலாம். மொழிப் புரிதல், செவித்திறன், தூக்கம், கவனக்குறைபாடு, ஒலியும் உடையும் தரும் தொல்லை, சக மாணவர் சீண்டல் எல்லாவற்றையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பள்ளி சொல்வது பொய்யல்ல. பகலெல்லாம் அடக்கிவைத்திருந்து வீட்டில் வெடிக்கும் குழந்தைகள் பலர். வாதாடாமல், பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரக் குறிப்பைக் காட்டுங்கள். வகுப்பில் அடிக்கடி கழிப்பறை, வயிற்றுவலி, முடிக்காத பாடம், வேடிக்கைப் பேச்சால் நழுவுதல் உண்டா என்று அவர்களையும் குறிக்கச் சொல்லுங்கள்.

பள்ளியிடம் அவனுக்கான உதவித் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் முதலில் வேண்டியது அவன் நம்பும் ஒரு பெரியவர். அடுத்தது பேச்சு: "எழுது" என்பதற்குப் பதில் "நோட்டு இங்கே இருக்கு, எங்கே ஆரம்பிக்கலாம்னு யோசிக்கிறேன்". வெளியே போக அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அவனுக்கு ஒரு கோரிக்கையே என்பதால், பதற்றம் ஏறினால் ஓர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு வகுப்பிலிருந்து வெளியேற ஏற்பாடு. போகும் இடம் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். வீட்டுப்பாடத்தைக் கொஞ்சகாலம் நிறுத்தலாம். மீறக்கூடாத விதிகள் பாதுகாப்பு சார்ந்த மூன்று நான்கு போதும்.

சொன்னதைச் செய்தால் நட்சத்திரம் ஒட்டிப் பரிசு தரும் நட்சத்திர அட்டை வேண்டாம். பரிசும் 'செய்தே ஆக வேண்டும்' என்ற அழுத்தத்தையே கூட்டுகிறது. தவறவிட்டால் அவமானம் வேறு. ஆட்டிசக் குழந்தைகள் பலருக்கு உதவும் படக் கால அட்டவணைகூட இவனுக்கு ஆணைப் பட்டியலாகத் தெரியலாம். அதை அவனே அடுக்கட்டும்.

திட்டம் பெரும்பாலும் கெடுவது அது பலிக்கத் தொடங்கும்போதுதான். பையன் அமைதியானதும் சலுகைகளைத் திரும்பப் பெறுவார்கள். "நேற்று செய்தானே" என்பார்கள். அவன் தாங்கும் அளவு நாளுக்கு நாள் மாறும். ஆறு வாரத்தில் மறுஆய்வு கேளுங்கள். முடித்த பக்கங்களை எண்ணாமல், அடங்க எடுக்கும் நேரம் குறைந்ததா என்று பாருங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பவே மறுக்கத் தொடங்கினால் ஆறு வாரம் காத்திருக்காமல் அன்றே கூட்டத்தைக் கேளுங்கள்.