மாஸ்க், இருமல் டியூன், தடுப்பூசி: கொரோனா காலத்தில் அரசுகள் பேசிய விதம்

முதலில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள், அப்புறம் கட்டாயம் என்றார்கள். எதை நம்புவது?

மாற்றியதைக் குறை சொல்ல மாட்டேன். அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் தொற்று வரும் என்று தெரிந்தபின் மாற்றாமல் இருந்தால்தான் தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5-இல் மாற்றிக்கொண்டது. என் குறை வேறு. அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார டாக்டரான சர்ஜன் ஜெனரல் ஜெரோம் ஆடம்ஸ் அந்த பிப்ரவரியில் ஒரே ட்வீட்டில் இரண்டு சங்கதி சொன்னார்: பொதுமக்களுக்கு மாஸ்க் பலன் தராது, மருத்துவ ஊழியர்களுக்குக் கிடைக்காவிட்டால் ஆபத்து. பலன் இல்லாத பொருள் அவர்களுக்கு மட்டும் எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். “கையிருப்பு பத்தாது, அவர்களுக்கு முதலில் கொடுப்போம்” என்றிருந்தால் ஜனங்களுக்குப் புரிந்திருக்கும்.

போனில் வந்த அந்த இருமல் சத்தம் யாருக்காவது உதவியதா?

முதல் வாரம் உதவியிருக்கலாம். அப்புறம் எந்த பட்டனை அழுத்தினால் நிற்கும் என்றுதான் எல்லோரும் தேடினோம்.

நடிகர் விவேக் இறந்ததும் எங்கள் தெருவில் பலர் ஊசிக்கே போகவில்லை. அரசு என்ன செய்திருக்க வேண்டும்?

2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் கேமராக்கள் முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி காலை இறந்துவிட்டார். சுகாதாரச் செயலர் ராதாகிருஷ்ணனும் டாக்டர்களும் தாமதிக்காமல் பேசினார்கள், ரத்தக்குழாய் அடைப்பு பற்றி விளக்கினார்கள். அதுவரை சரி. ஆனால் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற, ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதமும் வாட்ஸப்தான் பதில் சொன்னது. “விசாரிக்கிறோம், இன்ன தேதிக்குள் சொல்வோம்” என்று ஆரம்பத்திலேயே அறிவித்திருக்கலாம்.

பக்கவிளைவைச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிட மாட்டார்களா?

பிரிட்டன் சொல்லிப் பார்த்தது. 2021 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தின் துணைத் தலைமை மருத்துவ அதிகாரி ஜோனதன் வான்-டாம் டிவியில் ஒரு படம் காட்டினார். தொற்று குறைவாக இருக்கும்போது, ஒரு லட்சம் பேருக்கு அஸ்ட்ராஜெனகா ஊசி போட்டால் என்ன ஆகும் என்று வயதுவாரியாகக் கணக்கு. அறுபதுகளில் இருப்பவர்களில் 14.1 பேர் ஐசியூ போவது தவிர்க்கப்படும், 0.2 பேருக்கு ஊசியால் ரத்தம் உறையும் கடும் பாதிப்பு. இருபதுகளில் 0.8-க்கு எதிராக 1.1. அதனால் 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி. ஊசித் திட்டம் அதனால் நின்றுவிடவில்லை.

நம் ஊர் கோவிஷீல்டும் அதே ஊசிதான். மத்திய சுகாதார அமைச்சகமும் அந்த மே மாதம், ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ வந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று அறிவித்தது. அதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து, ஊசி போட்ட கையோடு கொடுத்திருக்கலாம்.