பட்டறைப் பக்கம்: விதைத்தட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: என் தந்தை டிராக்டரில் மாட்டி நிலக்கடலை விதைத்த கருவி இருபது ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடக்கிறது. மூன்று பெட்டிகள், முள் வைத்த ஒரு சக்கரம், அறுந்த செயின், ஒரு சாக்கில் விளிம்பு வெட்டிய வட்டத் தட்டுகள். தட்டில் ஓர் எண் இருக்கிறது. அது செய்த ஆண்டா? இரும்புக்கடைக்காரர் மொத்தமாக எடைக்குக் கேட்கிறார். எது எதற்கு என்று தெரிந்தால் ஓட்டிப் பார்க்க ஆசை. படங்கள் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் அந்தச் சாக்கை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். கொழுவும் செயினும் எந்த ஊரிலும் கிடைக்கும். சட்டம் வளைந்திருந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். கருவியின் உயிர் தட்டுகளில்தான் இருக்கிறது. தட்டு தொலைந்த ஒரே காரணத்தால் மூலைக்குப் போன நல்ல கருவிகள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

எண்ணை ஆண்டு என்று கொள்ள வேண்டாம். வார்ப்பில் இருப்பது பெரும்பாலும் உதிரிபாக எண். ஒரே எண் கொண்டவற்றைச் சேர்த்து வைத்தால் ஒரே பயிருக்கான மூன்று தட்டுகள் கிடைத்துவிடும்.

மற்றவற்றை அறிய, சக்கரத்திலிருந்து விதை வரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். முள்சக்கரம் பாரம் தாங்க வந்ததன்று. அது நிலத்தில் உருண்டு செயினை இழுக்கிறது. முள் தேய்ந்தால் புழுதியில் வழுக்கி, விதை விழாத இடைவெளி விடும். செயின் பெட்டிகளுக்கு அடியிலுள்ள தண்டைச் சுழற்ற, தண்டு தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் விளிம்பில் வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் ஒரு பருப்பைப் பொறுக்கிக் குழாய் வாய்க்குக் கொண்டுவருகிறது. ஏருக்குப் பின்னால் குனிந்து நடந்து சாலில் பருப்பிட்ட பெண்களின் வேலையை இந்தப் பள்ளங்கள் செய்கின்றன.

உங்கள் ஐந்தாவது படத்தில், ஸ்பிரிங் வைத்த இரண்டு சிறு நாக்குகளைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வழக்கமாக முதலில் தொலைவது இவைதான். ஒன்று, பள்ளத்தில் கூடுதலாக ஏறிய பருப்பை ஒதுக்கிவிடும். மற்றது, பள்ளத்தில் சிக்கிய பருப்பைக் கீழே தட்டிவிடும். பெட்டியின் அடி மட்டமாக இருப்பதால் கூடுதல் பருப்பு தானாக உருண்டு விலகாது, அதனால் இரண்டும் வேண்டும். ஒதுக்கும் நாக்கின் ஸ்பிரிங் இறுகியிருந்தால் பருப்பு உடையும். உடைந்த கடலை முளைக்காது. விரலால் தள்ளினால் எளிதில் விலக வேண்டும்.

தட்டின் இரு முகங்களையும் பாருங்கள். பள்ளம் ஒரு பக்கம் சற்று அகன்றிருக்கும். அகன்ற பக்கம் கீழே வர வேண்டும். தொழில் பழகிய காலத்தில் ஒரு தட்டை நான் கவிழ்த்து மாட்டிவிட்டேன். பருப்பு பள்ளத்திலேயே இறுகி, அந்த வரிசை முழுவதும் வெறும் சாலாகப் போனது. விதை முளைக்கும் நாளில்தான் அந்த விவசாயிக்கு அது தெரிந்தது. அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இனி கணக்கு. சக்கரத்தைச் சுற்றி நூலால் அளந்து 126 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். சக்கரத்தோடு சுழலும் பல்சக்கரத்துக்கு 10 பல், தட்டின் தண்டில் 15 பல். பெட்டிக்கு அடியிலுள்ள பற்கள் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே சக்கரம் ஒரு சுற்று வந்தால் தட்டு மூன்றில் இரண்டு பங்கு சுற்றும். 18 பள்ளத் தட்டு போட்டால் 12 பருப்பு விழும், இடைவெளி 10.5 செ.மீ. கடலைக்குச் சொல்லப்படும், வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 செ.மீ. என்ற கணக்கோடு இது பொருந்துகிறது. உங்கள் தந்தை கடலைக்கு வைத்திருந்தது இந்தத் தட்டாகவே இருக்க வேண்டும். 24 பள்ளத் தட்டைப் போட்டால் 8 செ.மீ.க்கு ஒன்று விழும், நெருக்கம் அதிகம்.

கருவியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். பெட்டிக்கு 120 பருப்பு வர வேண்டும். பிறகு வயலிலும் எண்ணிப் பாருங்கள்.

மாட்டும் முளைகள் கீழே 22 மி.மீ., மேலே 19 மி.மீ. என்கிறீர்கள். இது சிறிய டிராக்டர்களுக்கான முதல் வகை இணைப்பு. உங்கள் புதிய டிராக்டரின் கீழ்க் கைகளில் 28 மி.மீ. துளை இருந்தால் இடையில் புஷ் (துளையின் அளவைக் குறைக்கும் இரும்பு வளையம்) போடாமல் ஓட்டாதீர்கள். கருவி ஆடி வரிசை கோணிவிடும்.

கேள்வி: விதைக்குழாய் வெடித்துவிட்டது. சைக்கிள் டியூப் மாட்டலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: வேண்டாம். அது மடிந்து பருப்பை அடைக்கும், அடைத்தது வெளியே தெரியாது. உள்வழி அகன்ற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வளைவில்லாமல் மாட்டுங்கள். பருப்பு இறங்குவதைப் பின்னால் நடப்பவர் பார்க்கலாம்.