‘அசல் மாம்பழ ஜூஸ்’: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறொன்று

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் குடியிருக்கிறோம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளிக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் தினமும் 200 மி.லி. மாம்பழ பானம் ஒன்று வாங்கிக் குடிப்பான். அட்டையின் முன்பக்கம் மாம்பழப் படம், ‘அசல் மாம்பழ ஜூஸ்’ என்ற பெரிய எழுத்து. பழம்தானே என்று நாங்களும் காசு கொடுத்தோம். எடை கூடிக்கொண்டே போனதால் ரத்தம் பார்த்தோம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கிறான் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் பின்பக்கத்தைப் படித்தோம். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், மாங்கூழ் 11%, 100 மி.லி.க்குச் சேர்த்த சர்க்கரை 13 கிராம் என்று இருக்கிறது. சிகரெட் பெட்டியில் இருப்பதுபோல எச்சரிக்கை இருந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டோம். கம்பெனி மீது வழக்குப் போடலாமா? பள்ளி முன்னால் விற்பதையாவது நிறுத்த முடியுமா?

பதில்: ‘எச்சரிக்கை போடவில்லை’ என்று வழக்குப் போட்டால் தோற்பீர்கள். ‘அசல் மாம்பழ ஜூஸ் என்று போட்டிருக்கிறார்கள்’ என்று போட்டால் வழக்கு நிற்கும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சிகரெட்டுக்கு எச்சரிக்கைப் படம் கட்டாயம். சர்க்கரை பானத்துக்கு அப்படி ஒரு விதி இன்னும் வரவில்லை. 2022 செப்டம்பரில் வந்த வரைவு விதி, உணவின் சத்துக்கு ஏற்ப மதிப்பெண் தரும் நட்சத்திரக் குறியீட்டைத்தான் முன்வைத்தது, எச்சரிக்கையை அல்ல. முன்பக்க எச்சரிக்கை கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுவின் பரிந்துரையை மூன்று மாதத்துக்குள் கேட்டது. பிறகு கால நீட்டிப்பும் கொடுத்தது. இல்லாத விதியை மீறியதாகக் கம்பெனி மீது குற்றம் சொல்ல முடியாது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, தேவையான எச்சரிக்கை இல்லாத பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். 87-ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைச் சொல்லவில்லை என்பதற்காக உற்பத்தியாளர் பொறுப்பாக மாட்டார். ‘இனிப்பு அதிகம் குடித்தால் சர்க்கரை நோய் வரும் என்பது ஊருக்கே தெரியும்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் ‘அசல் ஜூஸ்’ என்று அவர்களே எழுதிப் பழம்தான் என்று நம்பவைத்துவிட்டு, ‘உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று சொல்ல முடியாது. அந்தத் தற்காப்பை உடைப்பது இந்த வார்த்தைதான்.

அட்டையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.லி.க்கு 13 என்றால் 200 மி.லி.க்கு 26 கிராம். ஐந்து தேக்கரண்டிக்கு மேல். அதுவும் சேர்த்த சர்க்கரை மட்டும்; மாங்கூழின் சொந்த இனிப்பு தனி. கோலாவில்கூட 100 மி.லி.க்குச் சுமார் 11 கிராம்தான். (2025 செப்டம்பர் 22 முதல் கோலாவுக்கு ஜி.எஸ்.டி. 40%, காற்று ஏற்றாத பழக்கூழ் பானத்துக்கு 5%. பழத்தின் பெயருக்கு அரசாங்கமே மயங்குகிறது, பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்?)

2020 லேபிள் விதிகளின்படி சேர்த்த சர்க்கரையைத் தனியாகக் காட்ட வேண்டும். ஒரு தடவை பரிமாறும் அளவு, ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். அந்த ஒரு நாள் கணக்கு 50 கிராம், அதாவது 2,000 கிலோ கலோரி உண்ணும் பெரியவருக்கானது. 26 கிராம் என்பது அதில் 52%. ‘பரிமாறும் அளவு 100 மி.லி.’ என்று எழுதி 26% என்று காட்டியிருக்கிறார்களா பாருங்கள். உறிஞ்சுகுழல் குத்திய 200 மி.லி. அட்டையில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எடுத்துவைக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது? இதையும் புகாரில் எழுதுங்கள். ‘சின்ன பாக்கெட், விவரம் போடத் தேவையில்லை’ என்ற பேச்சு எடுபடாது. அந்தச் சலுகை 100 சதுர செ.மீ.க்கு மேற்படாத பரப்புக்குத்தான். 5×4×10 செ.மீ. அட்டைக்கே பரப்பு 220 சதுர செ.மீ. வந்துவிடும். தமிழில் இல்லை என்ற குறையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதே விதி.

இனி ‘அசல் ஜூஸ்’. 11% மாங்கூழ், மீதி தண்ணீரும் சர்க்கரையும் என்றால் அது பழ பானம், ஜூஸ் அல்ல. பழ பானத்துக்குக் குறைந்தபட்சம் 10% பழம் வேண்டும். அதை அவர்கள் தாண்டியிருப்பதால் பொருள் தரமற்றது என்று எழுதாதீர்கள், அங்கே வழுக்கிவிடுவீர்கள். பெயர்தான் பொய். ‘அசல்’ என்பது பிராண்டின் பெயரிலேயே இருக்கிறது என்று சொன்னால், ‘இது வெறும் பிராண்டு பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது’ என்ற பொருள்பட, குறைந்தது 3 மி.மீ. எழுத்தில் அட்டையில் இருக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் பாருங்கள். தவறான லேபிளுக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் வரை, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவில் 10 லட்சம் வரை அபராதம்.

புகார் போக வேண்டிய இடம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர். கூடவே அட்டையின் எல்லாப் பக்கப் படங்களும், பேட்ச் எண்ணும், 14 இலக்க உரிம எண்ணும் போகட்டும். பெட்டிக்கடையில் பில் தரமாட்டார்கள். செல்போனில் பணம் அனுப்பி வாங்கினால் அந்தப் பதிவே சான்று. நீங்கள் குடித்து மீந்த அட்டையை எந்த ஆய்வகமும் ஏற்காது. அதிகாரி தானே மாதிரி எடுத்து நான்கு பங்காக்கி, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். அறிக்கைக்கு 14 நாள். தாமதம் செய்தால் கடையில் அந்தப் பேட்ச் தீர்ந்துவிடும், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நீங்களே சோதிக்க விரும்பினால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு வழி விடுகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘பகுப்பாய்வுக்கு வாங்குகிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அபராதம் விதிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது.

உங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. உற்பத்தியாளரையும் சந்தைப்படுத்துபவரையும் எதிர்த்தரப்பாக்குங்கள். அட்டையில் இரண்டு முகவரியும் இருக்கும். பெட்டிக்கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்காதீர்கள், அவர் உங்களுக்குச் சாட்சியாகப் பயன்படுவார். மகனின் உடல்நிலைக்கு இந்த பானம்தான் காரணம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். வீட்டுச் சாப்பாடு, பரம்பரை, விளையாட்டு எல்லாவற்றையும் குறுக்கு விசாரணையில் இழுப்பார்கள். அதனால் பெரிய தொகையை நம்பி இறங்க வேண்டாம். முறையற்ற வணிகத்தை நிறுத்தும் உத்தரவு, அவர்கள் செலவில் திருத்த விளம்பரம், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை. இவை கிடைக்கக்கூடியவை.

‘எச்சரிக்கை இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம்’ என்ற உங்கள் வரியைப் பிரமாணப் பத்திரத்தில் விடாமல் சேருங்கள். அதற்கு ஆதாரம் உண்டு. 2022-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாதிரிக் கடையில் பிள்ளைக்கு பானம் எடுத்த பெற்றோரில் 45% பேர் சர்க்கரை பானத்தை எடுத்தார்கள். அட்டையில் படத்துடன் எச்சரிக்கை இருந்தபோது 28% பேர்தான் எடுத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மருத்துவமனை உணவகம் ஒன்றில் படம் போட்ட எச்சரிக்கை விற்பனையைக் குறைத்தது, வெறும் எழுத்து குறைக்கவில்லை. சிலி நாட்டில் 2016-இல், சர்க்கரை போன்றவை அதிகம் என்று எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை வந்தபின், அந்த முத்திரைக்குரிய பானங்களை வாங்குவது சுமார் 24% சரிந்தது. அங்கே விளம்பரத் தடையும் பள்ளித் தடையும் கூடவே வந்தன என்பதால், முழுப் பெருமையும் முத்திரைக்கே என்று வாதாடாதீர்கள். முன்பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் பெற்றோர் வாங்குகிறார்கள் என்று காட்ட இவ்வளவு போதும். ‘எச்சரிக்கை’ வேலை செய்யும் அதே இடத்தில்தான் ‘அசல்’ என்ற சொல்லும் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

பள்ளி முன் விற்பனையை நிறுத்துவதுதான் உங்களுக்குச் சீக்கிரம் பலிக்கும். பள்ளிக் குழந்தைகளுக்கான 2020 உணவு விதிகள், சேர்த்த சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கத் தடை விதிக்கின்றன. ‘அதிகம்’ என்றால் எத்தனை கிராம் என்ற எண் அதில் இல்லை, கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அட்டையில் உள்ள எண்ணிலிருந்தே வரும் 52% கணக்கை அதற்குப் பதிலாக எழுதுங்கள். கேட்டிலிருந்து கடை வரை டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு நியமன அலுவலருக்கு மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு நகல் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.