அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். சொந்த இடம் மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டம். இந்த அரையாண்டுப் பரீட்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. விடுதியில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, குருநாகல் ஆகிய இடங்களைச் சேர்ந்த மூன்று தோழியருடன் ஒரே அறையில் இருக்கிறேன். சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத் தோழியின் வீட்டில் ஒரு வாரம் தங்கி வந்தோம். இந்த விடுமுறையில் சிவனொளிபாத மலைக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீடு, தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் (முன் திண்ணையும்)தான். வீடு திருத்துகிறோம் என்று ஒருமுறையும், தண்ணீர் வருவதில்லை என்று ஒருமுறையும் பொய் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன். மூன்றாவது பொய்க்கு மனம் வரவில்லை, உண்மையைச் சொல்ல வாயும் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உங்களுடைய நான்கு பக்கக் கடிதத்தை மேலே சுருக்கித்தான் தர முடிந்தது, ஆனால் நான் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். பரீட்சைக்கு முந்திய இரவுகளில் சீனியர் அக்கா ஒருவர் நடத்திய குப்பி வகுப்பு, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரைக்குத் தமிழில் குறிப்பெடுத்துவிட்டு அறைக்கு வந்து மீண்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தது, குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறும் வழியெல்லாம் குருநாகல் தோழிக்குத் தமிழ் எண்களைச் சொல்லிக் கொடுத்தது, யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வாளியால் அள்ளி அள்ளிக் குளித்தது என்று எல்லாவற்றையும் கண்ணில் காட்டுவதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுக்கும் நடுவில் உங்கள் அம்மா ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார்: "அம்மா பாவம், இதெல்லாம் அவருக்குத் தெரியாது." என் பதில் அந்த வரியைப் பற்றியதுதான்.

தோழியர் வரலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் அல்லர். அது உங்கள் அம்மாவின் வீடு. வருகிறவர்களுக்கு உலை வைக்கப்போகிறவரும், பாய்க்கும் போர்வைக்கும் பக்கத்துக் காம்பராவில் கேட்கப்போகிறவரும் அவர்தான். தோழியரிடம் சொன்ன இரண்டு பொய்களும் சிறிய பிழைகள், அவற்றை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அவருடைய வீடு பிறர் கண்ணில் படத் தகாதது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் பெரிய பிழை என்பேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே தீர்ப்பை நானும் ஒருமுறை எழுதியவள்.

ஆசிரியப் பயிற்சியில் இருந்த காலத்தில், திருகோணமலையைச் சேர்ந்த தோழி ஒருத்தி ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க ஹட்டனுக்கு வந்து இறங்கினாள். மண் சரிந்து எங்கள் தோட்டப் பாதை மூடிவிட்டது என்று சொல்லி, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடையில் சோறு வாங்கிக் கொடுத்து, பிற்பகல் பஸ்ஸிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் பணிய லயத்து மாமா ஒருவர் அதே கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றிரவு அம்மா அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டவாறே, "அந்தப் புள்ள நல்லா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தத் தோழியை வீட்டுக்கு அழைக்கும் சந்தர்ப்பம் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

ஆகவே முதலில் அம்மாவிடம் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், வீட்டுக்குப் போனபின் நேரில் கேளுங்கள். அவர் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி, இடுப்பிலிருந்து படங்கை அவிழ்க்கும் நேரமும் வேண்டாம், அந்தக் களைப்பில் எதைக் கேட்டாலும் "ஒன் இஷ்டம்" என்றுதான் சொல்வார். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு கேளுங்கள். "நாலு பேர் வந்தா ஒங்களுக்குக் கஷ்டமா?" என்று கேட்டால் எந்தத் தாயும் கஷ்டம் இல்லை என்றுதான் சொல்வார், அது பதில் ஆகாது. "அவங்க வர ஆசைப்படுறாங்க, வரச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உங்களுக்குச் சொல்லாத ஒரு கடனோ, பக்கத்துக் காம்பராவோடு ஏற்பட்ட மனத்தாங்கலோ, அப்பாவின் மாலைநேரப் பழக்கமோ காரணமாக இருக்கலாம், துருவ வேண்டாம். அப்போதும் தோழியரிடம் "அம்மாவுக்கு இப்போது வசதிப்படாது" என்று சொல்ல உங்களுக்கு வழி இருக்கிறது. அது உண்மை. உண்மையான காரணத்தை யாரும் மூன்றாவது முறை கிளறுவதில்லை.

சரி என்றார் என்று வைத்துக்கொள்வோம். (சரி என்றுதான் சொல்வார் என்பது என் ஊகம். பல்கலைக்கழகம் போன மகள் தன் சிநேகிதிகளை அழைத்து வருகிறாள் என்ற செய்தி மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பேசப்படாமல் இருக்கப்போகிறதா?) அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது நாள். வேலை நாளில் அழைத்து வந்தால் அம்மா வீட்டில் நிற்பார், அன்றைய பேர் (ஒரு நாள் கூலிக்கான பதிவு) போய்விடும். அரை நாள் போய்வருகிறேன் என்று ஓடினாலும் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர்தான் விழும். நீங்கள் விருந்து வைக்க, அதற்கான கூலியை அவர் இழப்பது நியாயமல்ல. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றும் அவர் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவராக இருந்தால், அதையும் முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான்கு பக்கத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நானே எழுதிவிடுகிறேன். உங்கள் உண்மையான கவலை காம்பராவின் அளவைப் பற்றியது அல்ல, கழிப்பறையைப் பற்றியது. லயத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். நான்கு வீட்டுக்குப் பொதுவானதோ, இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு இறங்கிப் போக வேண்டியதோ, எதுவாக இருந்தாலும் புறப்படுவதற்கு முன்பே தோழியரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது ஒரு தகவல் மட்டுமே. வந்து இறங்கிய பிறகு தெரிந்தால்தான் இரு பக்கமும் சங்கடப்படும்.

இரவுத் தங்கலை இந்த முதல் வருகையில் தவிர்த்துவிடலாம், மலையேற்றம் அதற்கு இயல்பாகவே இடம் தருகிறது. சனிக்கிழமை பேராதனையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போங்கள். நள்ளிரவுக்குச் சற்று முன்பின்னாக ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சியில் நிற்கலாம். போயா (பௌர்ணமி) தினத்தை ஒட்டிய வார இறுதி மட்டும் வேண்டாம், கூட்டத்தில் படிக்குப் படி நின்று நின்றுதான் ஏற முடியும். இறங்கி வந்து, நண்பகலுக்குள் வீடு சேர்ந்து, பீலிக்கரையில் முகம் கைகால் கழுவி, சாப்பிட்டு, இஸ்தோப்பில் பாய் விரித்து ஒரு தூக்கம் போட்டு, மாலை பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பிவிடலாம். இரவு முழுவதும் படி ஏறி இறங்கி வந்தவர்கள் சுவரின் நீள அகலத்தை அளந்து பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவர்களுடைய கவலையெல்லாம் முழங்காலைப் பற்றியதாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம் இருந்தோமே, இங்கே அரை நாள்தானா என்று நீங்கள் குறுக வேண்டியதில்லை. விருந்து என்பது மொய்க் கணக்கு அல்ல.

சாப்பாட்டில் ஒரு சிறிய தந்திரம் சொல்கிறேன். விருந்தாளி என்றதும் அம்மா கோழிக்கறிக்குத்தான் போவார், தோட்டத்துக் கடைப் புத்தகத்தில் கடன் ஏறும். மலைக்குப் போய்வருபவர்களுக்கு அன்று கவிச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யாத்திரை போகிறவர்கள் பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள், ஆகவே இது மூன்றாவது பொய் ஆகாது. கோதுமை மா ரொட்டி, இடிச்ச சம்பல், பருப்பு, வீட்டுத் தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு சுண்டல், இவை போதும். மாவுக்கும் தேங்காய்க்கும் ஆகும் செலவை உங்கள் மகாபொலப் புலமைப்பரிசில் பணத்திலிருந்து முதல் நாளே அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். மட்டக்களப்புத் தோழி தயிர்ச் சட்டியும் யாழ்ப்பாணத் தோழி பனங்கட்டியும் தூக்கி வந்தால் "எதுக்கு இதெல்லாம்" என்று தடுக்காதீர்கள். தேத்தண்ணியைப் பற்றியும் முன்பே எச்சரித்து வையுங்கள். தேயிலைத் தோட்டத்தில் உலகத்தின் மிகச் சிறந்த தேநீர் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர் எல்லோரும் நம்புகிறார்கள். நல்ல ரகம் கப்பலேறிவிடும் என்பதும், கொழுந்து எடுத்தவரின் கேத்தலில் கொதிப்பது தூள்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

பொய்யைத் திருத்துவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நால்வரும் கூடியிருக்கும்போது வேண்டாம். முதலில் யாழ்ப்பாணத் தோழியிடம் தனியாகச் சொல்லுங்கள்: "வீடு திருத்தவில்லை. லயத்தில் ஒரு காம்பராதான். வெட்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன்." இவ்வளவு போதும், அழுகையும் முன்னுரையும் தேவையில்லை. அவரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா உங்களை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், சண்டையில் இடிந்து விழுந்த பகுதி இது, பிற்பாடு எடுத்துக் கட்டியது இது என்று சுவரின் இரண்டு நிறங்களையும் தொட்டுக் காட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தம் வீட்டின் கதையை மறைக்காமல் காட்டியவர்கள் உங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வி வரும், அதற்கு ஆயத்தமாக இருங்கள்: "பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் கட்டியிருக்கலாமே?" இது குத்தல் அல்ல, அவர்களுடைய ஊரில் வீடு என்றால் அதற்கு ஓர் உறுதி இருக்கும், வேலி இருக்கும், கிணறு இருக்கும், ஆகவே அவர்களுக்கு இயல்பாகவே தோன்றும் கேள்வி. உங்கள் அப்பா நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்ட முடியாது என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை இந்த லயங்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, இத்தனைக்கும் நடுவில் காம்பராவின் நிலம் மட்டும் அதில் குடியிருப்பவர் பெயருக்கு வரவில்லை. நம் பாட்டிமார் பலருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையே இல்லாமற்போயிற்று. எஞ்சியிருந்தவர்களுக்கும் அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வந்ததெல்லாம் அண்மையில்தான். 2017 மே மாதம் உங்கள் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நீங்கள் பள்ளிச் சீருடையில் இருந்திருப்பீர்கள். இதில் இரண்டு வரியைச் சொன்னால் போதும். வாரத்தில் ஐந்து நாள் விரிவுரை கேட்பவர்களுக்கு விடுமுறையிலும் விரிவுரை வைக்காதீர்கள்.

படம் எடுப்பதைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் காம்பராவை எடுக்கலாமா என்பது அம்மாவின் விருப்பம். ஆனால் அடுத்த காம்பராப் பாட்டியையும், மூக்கொழுகும் பிள்ளைகளையும், பீலியில் துணி துவைப்பவர்களையும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். சாலையோரம் வாகனத்தை நிறுத்தி, கொழுந்தெடுப்பவர்களை ஏதோ பூந்தோட்டத்துப் பொம்மைகள்போலப் படமெடுத்துச் செல்பவர்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துவிட்டது. உங்கள் தோழியர் நல்ல பிள்ளைகள், ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்வார்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் மவுஸாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் போனது என்பதும், வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும் என்பதும் குருநாகல் தோழிக்குப் புதிய செய்தியாக இருக்கும். அதை நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள், எண்களைத் தாண்டி அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றும் பார்த்துவிடலாம்.

மலைப் பருவம் வெசாக்கோடு முடிகிறது. அதற்குப் பிறகு பிடிக்கும் மழையில் படிக்கட்டில் அட்டைதான் யாத்திரை போகும். ஆகவே நாளைத் தள்ளாமல், வீட்டுக்குப் போகும் முதல் இரவிலேயே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் கம்பளிச் சட்டை ஒன்று இருக்காது. உங்கள் அம்மாவினுடையது ஒன்று இரவலாகக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.