கடற்கரை 200 மீட்டர், சரி, எந்த வழியாக?

கேள்வி: டிசம்பர் கடைசியில் நான்கு நாட்களுக்குச் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு பக்கம் ஒரு கடலோர அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறோம். திருச்சியிலிருந்து வருகிறோம், கார் கிடையாது. அம்மாவுக்கு மூட்டுவலி, இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. ‘கடற்கரை 200 மீட்டர், மால் 3 கி.மீ., எல்லா வசதியும் அருகில்’ என்று விளம்பரம் சொல்கிறது. பாதி வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். நம்பிக் கட்டலாமா?

பதில்: இப்போதே கட்ட வேண்டாம். அந்த 3 கி.மீ. என்ற கணக்கே எனக்கு இடிக்கிறது. அந்த மால் நாவலூர் பக்கம்தான் இருக்க வேண்டும். முட்டுக்காட்டுக்கு வடமேற்கே, ஓஎம்ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது நாவலூர். மேப்பில் விரல் வைத்துப் பார்த்தால் பக்கத்து ஊர் மாதிரிதான் தெரியும். ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகத் தண்ணீரும் கிடக்கின்றன. முட்டுக்காடு இருக்கும் ஈசிஆரிலிருந்து (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓஎம்ஆருக்குக் கடக்க வேண்டுமானால் வடக்கே அக்கரை என்ற ஊருக்குப் போய் சோழிங்கநல்லூருக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் தெற்கே கோவளம் போய் கேளம்பாக்கத்துக்குத் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் நாவலூருக்கு ஏறத்தாழ 15 கி.மீ. ஆகிவிடும். காக்கைக்குத்தான் அது 3 கி.மீ. பிள்ளைகளோடு ஆட்டோவில் போகிறவர்களுக்கு அது ஒரு அரை நாள் வேலை.

கடற்கரைக் கணக்கும் இப்படித்தான். கட்டடம் ஈசிஆருக்கு மேற்கே இருந்தால், கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வேகமாக வண்டிகள் பாயும் அந்தச் சாலையை அம்மா கடக்க வேண்டியிருக்கும். கிழக்கே இருந்தாலும் நடுவில் தனியார் மனைகளின் மதில்கள் வரிசையாக நிற்கலாம். நான் ஒருமுறை இந்தச் சாலையில் ஒரு வீட்டில் தங்கினேன். பால்கனியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். மணலில் கால் வைக்க முக்கால் கிலோமீட்டர் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. என்னோடு வந்த பெரியம்மா இரண்டாம் நாளிலிருந்து வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் வீட்டுக்காரரிடம் ‘எவ்வளவு தூரம்’ என்று கேட்காதீர்கள். வாசற்படியிலிருந்து மணல் வரை நடந்துபோய் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குச் சாக்கு சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். லிஃப்ட் ஓடுகிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்டும் சேர்ந்து ஓடுமா என்பதையும் கேளுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு இதுதான் முதல் வசதி. குழாய்த் தண்ணீர் உப்பா, குடிக்கக் கேன் யார் போடுவார்கள் என்பதும் முக்கியம்.

மற்றதை நீங்களே வீட்டிலிருந்து பார்த்துவிடலாம். சரியான லொகேஷனை வாங்கி, சாப்பாடு கொண்டுவரும் செயலியில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். எத்தனை கடைகள் வருகின்றன என்று அதுவே சொல்லிவிடும். கார் செயலியில் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள். பகலில் கிடைக்கிற வண்டி அந்நேரத்தில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கார் இல்லாத குடும்பத்துக்கு முட்டுக்காட்டைவிடக் கோவளம்தான் வசதி என்பது என் எண்ணம். அது மீனவர் ஊர். காலையில் மீன் வாங்கலாம், மளிகைக்கு நடந்தே போய் வரலாம். 2021-இல் நீலக்கொடி என்ற சர்வதேசத் தூய்மைச் சான்று வாங்கிய கடற்கரைப் பகுதியும் அங்கே இருக்கிறது. கழிப்பறை, உடை மாற்றும் இடம் எல்லாம் உண்டு. அவசரமென்றால் ஐந்தாறு கிலோமீட்டரில் கேளம்பாக்கம். பெரிய மருத்துவமனை, மருந்துக்கடை எல்லாம் அங்கே. முட்டுக்காடு படகுத்துறை, தட்சிணசித்ரா என்ற பாரம்பரிய அருங்காட்சியகம் இரண்டுக்கும் கோவளத்திலிருந்து ஈசிஆர் பஸ்ஸில் போய் வரலாம். வெள்ளை போர்டு மாநகரப் பஸ் வந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் வரை போகாதீர்கள். ரயிலென்றால் தாம்பரத்தில் இறங்குங்கள், பஸ்ஸென்றால் கிளாம்பாக்கத்தில். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் நகர நெரிசலில் மாட்டாமல் கோவளம் வந்துவிடலாம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. கடல் கொந்தளிப்பாக இருக்கும். பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் விடவே வேண்டாம்.

கேள்வி: ஒருவேளை கட்டிவிட்டுப் போய், சொன்னது எதுவும் இல்லையென்றால்?

பதில்: விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதில் இருக்கட்டும். போய் இறங்கியதும் குறையை அன்றே எழுதி அனுப்புங்கள். பணம் திரும்பவில்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு இருக்கும் மாவட்டத்துக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, திருச்சியிலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.