தீவே வில்லனாக வரும் எக்ஸ்-மென் கதை

வணக்கம் நண்பரே. தீவே வில்லனாக வரும் கதை என்று நம்பி, எக்ஸ்-மென் என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸின் 93-ஆம் இதழை வாங்கினால், உள்ளே ஏதோ பழைய கதை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. 1970-இல் வந்த 66-ஆம் இதழோடு புதுக்கதைகள் நின்றுவிட்டன. 67 முதல் 93 வரை மறுபதிப்புதான்.

நீங்கள் தேடுவது 1975-இல் தனியாக வந்த 'ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழ். லென் வீன் கதை, டேவ் காக்ரம் ஓவியம். அட்டையில் பழைய குழுவின் படத்தைக் கிழித்துக்கொண்டு புதியவர்கள் பாய்ந்து வருவார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் ஆகிய நாயகர்கள் அறிமுகமாவதும் இதில்தான். கடைசியில் வில்லனான அந்தக் கிரகோவா தீவையே பெயர்த்து விண்வெளிக்கு வீசிவிடுவார்கள்! எனக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. அப்புறம் நேராக எக்ஸ்-மென் 94-ஆம் இதழுக்குப் போங்கள், புதுக்கதை அங்கேதான் தொடர்கிறது. அசல் பிரதி விலை அதிகம். படிக்க மட்டும் என்றால் மறுபதிப்பே போதும்.